30,000 பேர் போதும் என்று சொன்ன ஊர்

கேள்வி இது: "கனடாவில், கால்கரி நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தெற்கே ஓகோடோக்ஸ் என்ற சின்ன ஊரில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள். 30,000 பேருக்கு மேல் வளரக் கூடாது என்று அந்த ஊர் ஒரு காலத்தில் சட்டமே போட்டதாமே, உண்மையா? அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? இப்போது அங்கே குடியேறலாமா?"

உண்மைதான். ஆனால் அது சட்டம் இல்லை, திட்டம். 1998இல் ஓகோடோக்ஸ் நகர மன்றம், இந்த ஊர் 25,000 முதல் 30,000 பேரைத்தான் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம் என்று தன் வளர்ச்சித் திட்டத்தில் எழுதி வைத்தது. அப்போது ஊரில் 10,000 பேர்கூட இல்லை. இன்னும் மூன்று மடங்கு வளர இடம் இருக்கும்போதே "இதோடு நிறுத்திக்கொள்வோம்" என்று கோடு போட்டார்கள். 2012 செப்டம்பரில் நகர மன்றமே அந்தக் கோட்டை அழித்தது.

நான் கால்கரியின் தெற்குக் கோடியில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை. ஓகோடோக்ஸுக்கு வேலையாகவும் போயிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு சும்மாவும் போயிருக்கிறேன். வீடு வாங்குவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ஊரின் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 30,000 என்ற எண்ணே ஆற்றிலிருந்து வந்ததுதான்.

அதன் பெயர் ஷீப் ஆறு. மேற்கே ராக்கி மலையில் பிறந்து, பழைய எண்ணெய் ஊரான டர்னர் வேலியைத் தொட்டு, ஓகோடோக்ஸின் நடுவே ஓடி, கிழக்கே ஹைவுட் ஆற்றில் சேர்கிறது. ஹைவுட் போய் 'போ' (Bow) என்ற ஆற்றில் சேரும். கால்கரியின் நடுவே ஓடுவதும் அந்தப் போ ஆறுதான், ஆனால் ஷீப் ஆற்றின் தண்ணீர் அதில் சேருவது கால்கரியைத் தாண்டிய பிறகு. ஜூன் மாதம் மலைப் பனி உருகும்போது ஷீப் ஆற்றைப் பார்த்தால் பயமாக இருக்கும். பழுப்பு நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு இரு கரையும் தொட்டு ஓடும். அதே ஆற்றை ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூழாங்கல்லில் கால் வைத்து அக்கரைக்கு நடந்து போகலாம். சில இடங்களில் கணுக்கால்தான் நனையும். என் மகள் ஐந்து வயதில் அப்படி நடந்து கடந்திருக்கிறாள். ஒரு ஊரே இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்பதை அன்று அவளுக்குச் சொன்னேன், நம்பவில்லை.

ஊர் ஆற்றில் நேரடியாகக் குழாய் போட்டு உறிஞ்சுவதில்லை. ஆற்றங்கரையில், சரளைக்கல்லும் மணலும் படிந்த அடுக்கில் அதிக ஆழம் இல்லாத கிணறுகள் தோண்டியிருக்கிறார்கள். பெயருக்குத்தான் அது நிலத்தடி நீர். கிணற்றில் ஊறுவது ஆற்று நீரேதான், ஆறு இறங்கினால் கிணறும் இறங்கும். இன்னொரு பக்கம், ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு இதே ஆற்றில்தான் விடப்படுகிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் அந்தக் கழிவைக் கரைக்கவும் போதுமான தண்ணீர் இருக்காது. ஆக, 1998இல் அவர்கள் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டார்கள்: இந்த ஆறு எத்தனை பேருக்குத் தண்ணீர் தரும், எத்தனை பேரின் கழிவைத் தாங்கும். அந்த இரண்டுக்கும் கிடைத்த விடைதான் 30,000. கூட்டம் சேரக் கூடாது, அழகு கெட்டுவிடும் என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். தன் ஆற்றைப் பார்த்துத் தன் அளவை முடிவு செய்ய ஒரு ஊர் துணிந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

பிரெய்ரி புல்வெளிப் பகுதியைத் தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு வித்தியாசமான முடிவு என்பது புரியாது. கால்கரி இருக்கிற ஆல்பர்ட்டா, பக்கத்து சஸ்காச்செவன், மனிட்டோபா ஆகிய மூன்று மாகாணங்களிலும் சின்ன ஊர்களின் பொதுவான கவலை ஆள் போதவில்லை என்பதுதான். ரயில் பாதை ஓரமாக, தானியக் களஞ்சியம் ஒன்றும் தபால் நிலையம் ஒன்றுமாக ஆரம்பித்த ஊர்கள் அவை. பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக, பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன. பள்ளி மூடப்படும், களஞ்சியம் இடிக்கப்படும், கடைசியில் ஊரே தேய்ந்துவிடும். பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும் நேர் எதிரான தலைவிதி. நகரத்தின் ஆட்களும் வீடுகளும் வந்து மூடிக்கொள்ளும்.

ஓகோடோக்ஸ் கால்கரியின் எல்லையிலிருந்து 18 கிலோமீட்டர்தான். 1904இல் டவுன் என்ற தகுதி கிடைத்தது. அந்தக் காலத்தில் தனக்கென்று தொழில் இருந்தது. மேற்கே காட்டில் வெட்டிய மரத்தை ஷீப் ஆற்றில் மிதக்கவிட்டு இங்கே கொண்டுவந்து அறுத்தார்கள். ஜான் லைன்ஹாம் என்பவரின் மர ஆலை ஊருக்கே சோறு போட்டது. பக்கத்தில் செங்கல் தொழிற்சாலைகள் இருந்தன. 1914 மே மாதம் டர்னர் வேலியில் எண்ணெய்க் கிணறு பீறிட்டபோது அங்கே போகிற ஆட்களும் சரக்கும் இந்த வழியாகப் போயின. பிறகு மர ஆலையும் போயிற்று, செங்கல்லும் போயிற்று. பல பத்தாண்டுகள் ஆயிரம் சொச்சம் பேரோடு ஊர் அப்படியே கிடந்தது.

கால்கரியில் எண்ணெய் நிறுவனங்களின் தலைமையகங்கள் பெருகியபோதுதான் இங்கே ஆள் வர ஆரம்பித்தது. 2001இல் 11,600 பேரைத் தாண்டியது. 2006இல் 17,145. 2011இல் 24,511. பத்தே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். வரம்பு வைத்த ஊர்தான் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த ஊர்களில் ஒன்றாகவும் இருந்தது. அளவோடு இருக்கும் என்று வாக்குக் கொடுத்த ஊரைத்தானே எல்லோரும் தேடி வருவார்கள். 30,000 என்பது 1998இல் தொலைவில் தெரிந்த ஒரு கோடு. 2011இல் அது அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது.

இடையில் இன்னொன்று நடந்தது. இதைச் சொல்லாமல் கதை புரியாது. ஆல்பர்ட்டாவின் தண்ணீர் உரிமை 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஒரே கொள்கையில் ஓடுகிறது: முதலில் உரிமம் வாங்கியவருக்கு முதல் உரிமை. உரிமத்தின் தேதிதான் எல்லாம். வறட்சி வந்தால் பழைய உரிமம் உள்ளவர் தன் பங்கை முழுதாக எடுத்துக்கொள்ளலாம், புதியவர் காத்திருக்க வேண்டும். குடிநீருக்காக எடுக்கும் ஊரா, பயிருக்கு எடுக்கும் பாசனக் கால்வாயா என்று அது பார்க்காது. தெற்கு ஆல்பர்ட்டாவின் பெரிய உரிமங்கள் பாசன மாவட்டங்களிடம் இருக்கின்றன, அவை ரொம்பப் பழையவை. 2006 ஆகஸ்டில் மாகாண அரசு, போ ஆற்றுப் படுகையிலும் தெற்கே ஓல்ட்மேன் ஆற்றுப் படுகையிலும் இனிப் புதிய உரிமமே கிடையாது என்று அறிவித்தது. ஆறுகள் ஏற்கெனவே அளவுக்கு மேல் பங்கு போடப்பட்டுவிட்டன என்பதுதான் காரணம். ஷீப் ஆறு போ படுகையைச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஓகோடோக்ஸுக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்றால், உரிமம் வைத்திருக்கிற யாரிடமாவது விலைக்கு வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது 10% வரை ஆற்றுக்கே விட்டுவிடச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த 10% விதி எனக்குப் பிடித்த விதி. பேரம் நடக்கும்போது ஆற்றையும் ஒரு தரப்பாக உட்கார வைக்கிறது.

சரி, இவ்வளவு நியாயம் இருந்தும் வரம்பை ஏன் எடுத்தார்கள்?

ஊருக்கு எல்லை உண்டு, எல்லைக்கு வெளியே இருக்கிற நிலம் ஊருடையது அல்ல. அது சுற்றியுள்ள ஃபுட்ஹில்ஸ் மாவட்டத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஊர் "போதும்" என்று சொன்னால் கட்டுமான நிறுவனங்கள் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நிலம் வாங்கிக் கட்டும். குடி வருபவர்கள் இந்த ஊரின் சாலையைத்தான் பயன்படுத்துவார்கள், நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் வருவார்கள், வரியை மட்டும் மாவட்டத்துக்குக் கட்டுவார்கள். அவர்களும் அதே ஆற்றுப் படுகையில்தான் தண்ணீர் தேடுவார்கள். அதாவது வரம்பு வைத்ததால் ஆற்றுக்கு வருகிற சுமை குறையாது, அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம்தான் ஊரின் கையை விட்டுப் போகும். இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அன்று வரம்பை எடுப்பதை எதிர்த்தவர்களிடமும் சரியான பதில் இல்லை என்றே நினைக்கிறேன். வீட்டு விலையும் சேர்ந்துகொண்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இங்கே வீடு வாங்க முடியாமல் போகிறது என்றார்கள். ஆற்றை வைத்து அளவு போட்ட திட்டம், எங்களை நம்பி வந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்று வரம்பை ஆதரித்தவர்கள் பேசினார்கள். இரண்டு பக்கத்திலும் ஊரை நேசித்தவர்கள்தான் இருந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தவறு வரம்பு வைத்ததில் இல்லை, அதை ஒரே ஊர் தனியாக வைத்ததில்தான். ஆற்றுக்கு ஊர் எல்லை தெரியாது. கால்கரியும் மாவட்டமும் மற்ற ஊர்களும் சேர்ந்து உட்கார்ந்து படுகை முழுவதற்கும் ஓர் அளவு வைத்திருந்தால் அது நின்றிருக்கும். ஆனால் ஒருவராவது முதலில் கேட்க வேண்டுமே. அன்று கேட்டது இந்தச் சின்ன ஊர்.

2017இல் மாவட்டத்திடமிருந்து பெரிய நிலப்பரப்பு ஊரோடு இணைக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பில் 30,214 பேர். பழைய 30,000 வரம்பைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. வரம்பை எடுத்த பிறகும் வளர்ச்சி வேகம் குறைந்ததற்குத் தண்ணீர்தான் முக்கியக் காரணம். உரிமம் இல்லாமல் புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்க முடியாது. கடைசியில் மாவட்டத்தோடு சேர்ந்து போ ஆற்றிலிருந்து தண்ணீரைக் குழாய் வழியே ஓகோடோக்ஸுக்குக் கொண்டுவரும் திட்டத்தில் இறங்கினார்கள். சுத்திகரிப்பது ஊரின் பொறுப்பிலேயே இருக்கும்.

கால்கரியிலிருந்து சுத்திகரித்த நீரையே வாங்கிக்கொள்ளலாமே என்ற பேச்சும் இருந்தது. வடக்கே இருக்கிற ஏர்ட்ரி அப்படித்தான் செய்கிறது. அங்கே 2001இல் 20,000 சொச்சம் பேர், 2021இல் 74,100 பேர். தண்ணீர் பெரிய நகரத்திலிருந்து வரும்போது கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம் ஊருக்கு இருக்காது, வளர்ந்துகொண்டே போகலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. 2024 ஜூன் 5ஆம் தேதி கால்கரியில் ஒரு பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. நகரத்தின் தண்ணீரில் 60% வரை சுமக்கக்கூடிய குழாய் அது. வாரக்கணக்கில் நாங்கள் குளிப்பதையும் துணி துவைப்பதையும் எண்ணி எண்ணிச் செய்தோம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினோம், என் அம்மா ஊரில் செய்த மாதிரி. கால்கரியின் தண்ணீரை நம்பியிருந்த ஏர்ட்ரி, செஸ்டர்மியர், ஸ்ட்ராத்மோர் ஊர்களும் எங்களோடு சேர்ந்து சிக்கனம் பிடிக்க வேண்டியிருந்தது. ஓகோடோக்ஸ் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. தன் ஆற்றோடு தானே மல்லுக்கட்டிய ஊருக்கு அந்த மாதம் ஒரு பலன் கிடைத்தது என்று நினைத்தேன்.

வரம்பு வைத்திருந்த அந்த 14 வருடங்களில் ஊருக்கு ஒரு தைரியம் இருந்தது. புதிதாக எதையும் செய்து பார்க்கலாம் என்ற தைரியம். அதில் பிறந்ததுதான் டிரேக் லேண்டிங். 2007இல் திறந்தார்கள். பார்த்தால் சாதாரணத் தெரு, 52 வீடுகள். பின்பக்கச் சந்துக்குள் போனால்தான் வித்தியாசம் தெரியும். கார் ஷெட்டுகளின் கூரை முழுவதும், வரிசையாக, தெற்கே சாய்ந்த கண்ணாடித் தகடுகள். சுமார் 800 தகடுகள். அவை மின்சாரம் எடுப்பவை அல்ல, வெயிலின் சூட்டைப் பிடிப்பவை. உறையாத திரவம் ஒன்று அவற்றில் ஓடிச் சூடாகி, மூலையில் இருக்கிற ஒரு கட்டடத்துக்கு வந்து, அங்கே தொட்டித் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும். அந்தத் தண்ணீர், பக்கத்துப் பூங்காவுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்துக்குத் துளைத்த 144 குழிகளுக்குள் இறங்கிச் சுற்றி வரும். கோடை முழுக்க இப்படி மண்ணைச் சூடாக்கிக்கொண்டே இருந்தால், கோடை முடியும்போது அந்த மண் 80 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெளியே குளிர் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போகும் ஜனவரியில், ஜூலை மாத வெயிலை மண்ணிலிருந்து திரும்ப எடுத்து வீட்டைச் சூடாக்கினார்கள்.

முதல் வருடமே பலிக்கவில்லை, மண் சூடேறவே சில வருடங்கள் ஆயின. பிறகு வீட்டைச் சூடாக்கும் தேவையில் 90%க்கு மேல் வெயிலிலிருந்தே வந்தது. 2015–16 குளிர்காலத்தில் 100%. உலகம் முழுவதிலிருந்தும் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். நானும் ஒரு பிப்ரவரி மாலையில் அந்தப் பூங்காவின் மேல் நின்றேன். பூட்ஸுக்கு அடியில் பனி நொறுங்கியது. அதற்கும் கீழே போன ஆகஸ்ட் மாதம் இருக்கிறது என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

இன்று அது இயங்கவில்லை. 15 வருடங்களுக்குப் பிறகு தகடுகளும் இணைப்புகளும் பழுதாக ஆரம்பித்தன. உதிரி பாகம் கிடைக்கவில்லை. 52 வீடுகளுக்காக மட்டும் செய்த ஏற்பாடு, அதே மாதிரி இன்னொன்று கட்டப்படாததால் பாகம் செய்து கொடுக்கவும் ஆளில்லை. 2024இல் மூடும் முடிவுக்கு வந்தார்கள், வீடுகள் எரிவாயுவில் சூடேற்றும் கருவிக்கு மாறின. எனக்கு அது நெருங்கிய ஒருவரை இழந்த மாதிரி இருந்தது. தோற்றுவிட்டது என்று சிலர் எழுதுவதை மட்டும் ஏற்க மாட்டேன். செய்ய முடியும் என்று காட்டுவதற்காகக் கட்டினார்கள், காட்டினார்கள். அடுத்த தெருவிலும் அடுத்த ஊரிலும் தொடராமல் விட்டது மற்றவர்கள்.

ஓகோடோக்ஸ் என்ற பெயரைப் பற்றியும் சொல்கிறேன், வீடு பார்க்கப் போகும்போது எப்படியும் கேட்பீர்கள். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான ப்ளாக்ஃபூட் மக்களின் மொழியில் பாறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பாறை ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில், 7ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம், தட்டையான வயலின் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறது. சுமார் 16,500 டன். 41 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அந்த ரகப் பாறையே கிடையாது. வடமேற்கே, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஜாஸ்பர் பகுதியில் ஒரு மலைச்சரிவு இடிந்து பனியாற்றின் மேல் விழுந்திருக்கிறது. பனி அதை முதுகில் சுமந்து வந்து, உருகியபோது இங்கே இறக்கிவிட்டுப் போயிற்று. இப்படிச் சிதறிய பாறைகள் மலையடிவாரம் நெடுக ஒரு வரிசையாகக் கிடக்கின்றன, அதில் பெரியது இது.

ப்ளாக்ஃபூட் மக்கள் சொல்லும் கதை வேறு. வெயில் நாள் ஒன்றில் நாப்பி என்பவன் இந்தப் பாறையில் இளைப்பாறி, நன்றியாகத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் குளிர் அடித்தது, போர்வையைத் திரும்பக் கேட்டான். கொடுத்தது கொடுத்ததுதான் என்றது பாறை. பிடுங்கிக்கொண்டு ஓடினான், பாறை உருண்டு துரத்தியது. உதவிக்கு வந்த மான்களையும் காட்டெருமைகளையும் நசுக்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வௌவால்கள் பறந்து வந்து மோதி அதை இரண்டாகப் பிளந்தன. வௌவாலுக்கு மூக்கு சப்பையாக இருப்பது அதனால்தானாம். பாறையின் நடுவே பெரிய பிளவு ஒன்று இப்போதும் இருக்கிறது. அருகே போனால் இளஞ்சிவப்பு படர்ந்த கல்லில் சில விளிம்புகள் மட்டும் எண்ணெய் தடவியது போல வழவழப்பாக இருக்கும், கையை வைத்துப் பாருங்கள். பிரெய்ரியில் மரமே இல்லாத இடங்களில் காட்டெருமைகள் இப்படிப்பட்ட பாறைகளில்தான் முதுகைத் தேய்த்துக்கொண்டன. மங்கலான செங்காவி ஓவியங்களும் இதில் உண்டு, அதனால் தயவு செய்து பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். 1877இல் பூர்வகுடிகளுக்கும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் இடையே ஏழாம் எண் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை இந்த நிலம் யாருடையது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. ஊரின் பெயரிலாவது அவர்கள் சொல் மிஞ்சியிருக்கிறது.

இனி வீட்டுக்கு வருகிறேன். கால்கரியில் உங்கள் அலுவலகம் எங்கே என்பதைப் பொறுத்துத்தான் பதில். நகரத்தின் தெற்கில் என்றால் 20, 25 நிமிடத்தில் போய்விடலாம். மையப் பகுதி என்றால் சாதாரண நாளில் முக்கால் மணி நேரம், பனி கொட்டும் நாளில் அதற்குக் கணக்கே இல்லை. இரண்டு கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கஷ்டம். ஊருக்குள் கூப்பிட்டால் வரும் சிறு பேருந்து 2019இலிருந்து ஓடுகிறது, அது நல்ல ஏற்பாடு. கால்கரிக்குத் தினமும் போய் வர நம்பக்கூடிய பேருந்து என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காஸ்ட்கோ, வால்மார்ட் எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. நம் சமையலுக்கு வேண்டிய கடைகள் அதிகம் கால்கரியின் வடகிழக்கில் இருக்கின்றன, மாதம் இரண்டு முறை போய் மொத்தமாக வாங்கி வரும் பழக்கத்துக்கு மாறிக்கொள்வீர்கள். அவசர சிகிச்சை மையம் ஊரில் உண்டு, படுக்கை வசதியுள்ள மருத்துவமனை கிடையாது. அதற்குத் தெற்கே ஹை ரிவர் என்ற ஊருக்கோ, வடக்கே கால்கரியின் தென்கோடியில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டும். வயதான பெற்றோர் உங்களோடு இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

இவ்வளவு இருந்தும், பிள்ளைகள் வளர இது நல்ல ஊர் என்று மனதாரச் சொல்வேன். 10,000 பேர் இருந்தாலே சிட்டி என்று அறிவித்துக்கொள்ள ஆல்பர்ட்டாவில் உரிமை உண்டு. இவர்கள் இன்னும் டவுன் என்றே இருக்கிறார்கள். எலிசபெத் தெருவில் நடந்தால் கடைக்காரர் பெயர் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார். பழைய ரயில் நிலையம் இப்போது ஓவியக் கூடம். கோடை மாலைகளில் டாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் இருந்தால் பாதி ஊர் சீமன் ஸ்டேடியத்தில்தான் இருக்கும். ஜனவரியில் ஒரு நாள் மேற்கு வானத்தில் மேகம் வில் மாதிரி வளைந்து நிற்கும். அடுத்த சில மணி நேரத்தில் சினூக் காற்று மலையிலிருந்து இறங்கி, மூக்கு உறையும் குளிரைச் சட்டையோடு நடக்கிற அளவுக்கு மாற்றிவிடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மட்டும் அந்த நாள் ஆகாது.

வாங்குமுன் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். ரியல்டரிடம் வெள்ளப் படுகை வரைபடத்தைக் கேட்டு, நீங்கள் பார்க்கும் வீடு அதில் எங்கே விழுகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 2013 ஜூன் 20இல் மலையில் கொட்டிய மழை இந்த ஆறுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் உயர்த்தியது. ஓகோடோக்ஸின் கரையோரப் பகுதிகளிலும் ஆட்களை வெளியேற்றினார்கள். ஹை ரிவரில் ஹைவுட் ஆறு ஊருக்குள்ளேயே புகுந்தது, சுமார் 13,000 பேர் இருந்த முழு ஊரையும் காலி செய்தார்கள். அங்கே வாலஸ்வில் என்ற பகுதியின் வீடுகளைப் பிறகு அரசு வாங்கி அகற்றி, நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டது. ஆற்றங்கரை வீடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். மேட்டில் இருக்கிற வீட்டை வாங்குங்கள், பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருக்கிறதா, ஓடுகிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆற்றை நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கரை நெடுகப் பாதை போட்டிருக்கிறார்கள்.

குடி போன பிறகு, வீட்டு முன்னால் புல்தரையைப் பச்சைப்பசேல் என்று வைக்க ஆசைப்படாதீர்கள். எந்தெந்த நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று ஊரில் அட்டவணை உண்டு, அதை எல்லோரும் மதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புல்லை எடுத்துவிட்டு, இந்த மண்ணிலேயே வளர்கிற காட்டு ரோஜாவையும் சாஸ்கட்டூன் பெர்ரிச் செடியையும் வைத்திருக்கிறது. ஜூலையில் போனால் ஒரு கிண்ணம் பழம் பறித்துக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.